நான்காவது தடத்தில் சூவி

ஹெய்னாசாரி,
8 செப்டம்பர் 1996

அன்புள்ள மெர்யாக் குட்டிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஆர்வோ மாமாவின் முட்டிவலிகூடச் சுகம்தான். அவரை விட்டுப் போகும் எண்ணமே அதற்கு இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? ராத்திரிச் சாப்பாடு இன்னும் காப்பியும் பிஸ்கட்டும்தானா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மாசமாக இருக்கிறேன். நாலாம் மாதம். முன்பே எழுதியிருக்கலாம். துர்க்கு நகரத்து டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று என் வாயை நானே பொத்திக்கொண்டிருந்தேன். பிறந்த சூட்டோடு சூவி போய் நாலு வருஷம் ஆகிறது. இனிமேல் இல்லை என்றுதான் நானும் இல்போவும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். இப்போது அவன் வலை உலர்த்தும்போது சீட்டி அடிக்கிறான். கல்யாணமான புதிதில் கேட்டது.

அவனைப் பெற்ற மாமா மட்டும் மாறவில்லை. நேற்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறார்: "இந்தத் தடவையாவது ஐஸ் பெட்டி தூக்காம இருப்பியா?" இல்போ தட்டைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கை உரித்தான். சூவியின் அடக்கம் முடிந்து காப்பி குடித்தபோது ஊர்முன்னால் சொன்னதுதானே, புதிதாக என்ன?

பெட்டி தூக்குவதில்லை, கவலைப்படாதே. எங்கள் புகைக்கூடத்தில் மீனைச் சீவும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, துண்டுகளை அடுக்கிப் பாக்கெட்டில் போடும் வேலை மட்டும். மசக்கையில் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. இல்போ குளிர்ப்புகை போட்ட டிரவுட்டின் ஓரத் துண்டுகளை ரை ரொட்டியில் வைத்துத் தருகிறான். அது மட்டும் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. நெருப்புச் சூடு படாமல் வெறும் புகையிலேயே பதமாகும் மீன் என்பதால் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது.

ஃபோன் செய்யாதே. ஃபோன் பேக்கிங் அறையில் இருக்கிறது, அதன் பக்கத்து நாற்காலியில் மாமா இருக்கிறார். கடிதம் போடு. உன் பாக்டீரியாக்களை நான் விசாரித்ததாகச் சொல்.

பிரியமுள்ள அக்கா,
ரித்வா

---

ஹெல்சிங்கி,
20 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை டிராமில் படித்தேன். அழுதுவிட்டேன். எதிரில் இருந்த அம்மாள் கைக்குட்டை நீட்டினாள். நான் நன்றாக இருக்கிறேன். பிஸ்கட்டை விட்டுவிட்டேன், இப்போது காப்பி மட்டும்.

என் பாக்டீரியாக்களும் சுகம். இந்த வருஷம் எனக்குப் புது வேலை. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கிருமிகளை எங்கள் ஆய்வகம் பல வருஷமாக உறையவைத்து வைத்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எழுப்பி, அவற்றின் மரபணுவை ஒரு நொதியால் வெட்டி, ஜெல்லில் போட்டு, மாறி மாறித் திசை மாற்றி மின்சாரம் பாய்ச்சுகிறோம். துண்டுகள் அவற்றின் அளவுப்படி நகர்ந்து கோடுகளாக நிற்கும். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு தடம். இரண்டு தடங்களின் கோடுகள் அப்படியே ஒத்துப்போனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எங்கள் தலைவி டாக்டர் சண்ட்பெர்க் சொல்வார்: "நோயாளி பொய் சொல்வான், கடைக்காரன் பொய் சொல்வான், கிருமிக்கு அந்தப் புத்தி கிடையாது."

இந்த இலையுதிர் காலத்தில் வயதானவர்கள் சிலர் ஒரே மாதிரிக் காய்ச்சலில் விழுகிறார்கள். என்ன தின்றார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். நான் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது.

தாய்சேய் மையத்து நர்ஸ் என்ன சொல்கிறாள்? உன் ரத்த அழுத்தம் எவ்வளவு? எல்லாவற்றையும் எழுது. ஆர்வோ மாமாவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

உன்,
மெர்யா

---

ஹெய்னாசாரி,
6 அக்டோபர் 1996

அன்புள்ள மெர்யாவுக்கு,

ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறதாம். நர்ஸம்மா சின்னப் பெண், என்னைவிட அவள்தான் பயப்படுகிறாள். குழந்தை அசைகிறது. முதல் தடவை அசைந்தபோது கையில் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன், எந்திரம் சீவிக்கொண்டே போய்த் துண்டுகள் தரையில் விழுந்தன. இல்போ கத்த வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு எந்திரத்தை நிறுத்தினான்.

நல்ல சேதி இன்னொன்று. இதுவரை உங்கள் ஊரில் சின்னச் சந்தைக் கடைகளுக்கு மட்டும் போன எங்கள் மீனை இப்போது பெரிய கடைத்தொடர் ஒன்று எடுத்துக்கொள்கிறது. இல்போ நாலு வருஷமாக அலைந்ததற்குப் பலன். கிறிஸ்துமஸுக்கு ஹெல்சிங்கி மேசைகளில் ஹெய்னாசாரி டிரவுட் இருக்கும். மாமா எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "என் பேரப்பிள்ளைக்கு வயித்துலேயே யோகம்டா." கேட்டாயா? அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தை வந்து எத்தனை காலமாகிறது! என்னைப் பற்றி இல்லை, என் வயிற்றைப் பற்றி. பரவாயில்லை, பக்கத்தில்தானே.

உனக்கும் ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். வெந்தயக்கீரை தூவி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. வெறும் காப்பியில் எத்தனை நாள் உயிர் வாழ்வாய்?

அன்புடன்,
ரித்வா

---

ஹெல்சிங்கி,
27 அக்டோபர் 1996
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அக்கா,

வெள்ளிக்கிழமை ஒரு ஜெல்லை விளக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று தடங்கள் இந்த ஊரில் காய்ச்சலில் விழுந்த மூன்று கிழவர்களின் ரத்தத்திலிருந்து. இருவர் இறந்துவிட்டார்கள். ஐந்தாவது தடம் ஒருவரின் குளிர்ப்பெட்டியில் பாதி தின்று வைத்திருந்த புகைமீன் பாக்கெட்டிலிருந்து. நான்கின் கோடுகளும் அச்சு மாறாமல் ஒன்று. லிஸ்டீரியா என்று பெயர். குளிர்ப்பெட்டிக் குளிரிலும் வளரும் கிருமி. வயதானவர்களையும் வயிற்றில் இருக்கும் பிள்ளைகளையும்தான் தேடிப் பிடிக்கும்.

பாக்கெட்டின் மேல் உங்கள் முத்திரை இருந்தது.

நான்காவது தடத்தைப் பற்றி உனக்கு இன்னும் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பெட்டியிலிருந்து நானே எடுத்துப் போட்டது. அதுவும் அதே கோடுகள். குப்பியின் மேல் எழுதியிருந்தது: துர்க்கு, நவம்பர் 1992, பெண் சிசு, ரத்தம். அந்த மாதம் துர்க்குவில் வேறு பெண் சிசு இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நம் சூவி நாலு வருஷமாக என் அறையிலிருந்து பத்தடி தள்ளி இருந்திருக்கிறாள்.

பெட்டி தூக்கியதால் இல்லை அக்கா. அப்போதும் இல்போ ரொட்டியில் வைத்துக் கொடுத்த மீன்தான்.

டாக்டர் சண்ட்பெர்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு பாக்கெட் பத்தாது. இன்னும் கடைகள்ல வாங்கிப் பாக்கணும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. போச்சுன்னா குளோரின் ஊத்தி எல்லாத்தையும் கழுவிடுவாங்க. வெளியில சுத்தமாயிடும், எந்திரத்துக்குள்ள அது உக்காந்திருக்கும். அடுத்த வருஷம் இன்னும் நாலு சாவு." அவர் சொன்னது சரி. அந்தப் புகைக்கூடம் என் அக்கா வீடு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார், அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

உன்னிடம் சொன்னால் நீ இல்போவிடம் சொல்வாய். சொல்லாமல் இருக்க உன்னால் முடியாது. அப்படிப்பட்டவள் நீ.

அந்த மீனைச் சாப்பிடாதே. சாப்பிடாதே.

---

ஹெல்சிங்கி,
29 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

குழந்தை அசைகிறதா! ரொம்பச் சந்தோஷம். இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. எனக்குச் சின்ன ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

மீன் வந்தது. நன்றி. அது பற்றி ஒன்று: மாசமாக இருப்பவர்களுக்குப் புகைமீன் அவ்வளவு நல்லதில்லை, செரிக்காது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன். வேகவைத்த மீன் சாப்பிடலாம்.

புதுக் கடை கிடைத்ததற்கு இல்போவுக்கு என் வாழ்த்து.

உன்,
மெர்யா

---

ஹெய்னாசாரி,
17 நவம்பர் 1996

அன்புள்ள மெர்யாவுக்கு,

ஜலதோஷம் விட்டதா? தேனும் வெந்நீரும் குடி. எனக்குக் கால் வீங்குகிறது, மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறேன்.

உன் கட்டுரையை நர்ஸம்மாவிடம் கேட்டேன். "ஈரல் சாப்பிடாதீங்க, மீன் நல்லா சாப்பிடுங்க" என்றாள். வீட்டில் வந்து சொன்னதும் மாமா மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஹெல்சிங்கிக்காரிக்கு மீனைக் கண்டாலே பயம் வந்துடுச்சா? அவ அப்பன் மீன் பிடிச்சுத்தான்டி அவளைப் படிக்க வெச்சான்." இல்போ மட்டும் சிரிக்கவில்லை. "என்ன கட்டுரை? என்ன போட்டிருந்துச்சாம்?" என்று இரண்டு தடவை கேட்டான். செரிக்காதாம் என்றேன். "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான் என்றேன். எழுந்து போய்விட்டான். உன்மேல் கோபமோ என்னவோ, நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

புனிதர் நாளன்று கல்லறையில் சூவிக்கு மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. இல்போ தன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். அப்போது ஒன்று நினைத்தேன், உன்னிடம்தான் கேட்க முடியும். நீ இந்தத் துறையில் இருக்கிறாய். துர்க்குவில் ரத்தத்தில் தொற்று என்றார்கள், எங்கிருந்து வந்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் நான் ஐஸ் பெட்டிகள் தூக்கியது நிஜம். மழையில் நனைந்தேன், அதுவும் நிஜம். அதனால் வந்திருக்குமா? ஆறுதலுக்குச் சொல்லாதே. வந்திருக்கும் என்றால் வந்திருக்கும் என்று எழுது. தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

அன்புடன்,
ரித்வா

---

ஹெல்சிங்கி,
2 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கால் வீக்கத்தை நர்ஸிடம் காட்டு.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. பெட்டி தூக்கியதாலோ மழையில் நனைந்ததாலோ அப்படி வராது. உன் தப்பு எதுவும் இல்லை. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

அக்கா, எனக்காக ஒன்று செய். பிள்ளை பிறக்கும்வரை புகைமீன் வேண்டாம். என் மனதுக்காக. இதற்கு மேல் கேட்காதே.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. லஹ்தியில் ஒரு தோழி வீட்டுக்குப் போகிறேன்.

உன்,
மெர்யா

---

ஹெய்னாசாரி,
15 டிசம்பர் 1996

அன்புள்ள மெர்யாவுக்கு,

உடம்பெல்லாம் இருக்கட்டும். வீடு தலைகீழாகிவிட்டது.

புதன்கிழமை சுகாதார ஆய்வாளர் படகில் வந்தார், கூடவே ஹெல்சிங்கியிலிருந்து இரண்டு பேர். சீவும் எந்திரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கத்திக்கு அடியில், திருகாணி இடுக்கில், பெல்ட்டுக்குள், எங்கெங்கோ பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்துக் குப்பியில் போட்டுக்கொண்டார்கள். முடிவு வரும்வரை ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாதாம். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது! மாமா அந்த ஆய்வாளரைப் படகுவரை துரத்திக்கொண்டு போனார். "நான் புகை போட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்லடா! எவன் குடுத்த காசுக்கு வந்தே?" இல்போ சுவரில் சாய்ந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. ஏன் இப்படி, என்ன கிருமியாம் என்று கேட்டால் "முடிவு வரட்டும்" என்கிறான்.

யாரோ வயிற்றெரிச்சலில் மொட்டைக் கடுதாசி போட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் உங்கள் ஆய்வகம்தான் என்று சொன்னார்கள். நீ விசாரித்து எழுது. யார், என்ன, எப்போது முடியும்? நீ உள்ளே இருக்கும்போது நான் வெளியே நின்று தவிக்க வேண்டுமா?

பேக் செய்த மீனெல்லாம் கிடங்கில் கிடக்கிறது. கொட்ட மனசு வரவில்லை, இரண்டு வேளையும் அதையே சாப்பிடுகிறோம். உன் மனதுக்காக ஒரு வாரம் நிறுத்தித்தான் பார்த்தேன். இப்போது வீட்டில் வேறென்ன இருக்கிறது? நான் சாப்பிட உட்காரும்போது இல்போ ஏதாவது வேலை என்று எழுந்து போய்விடுகிறான்.

சீக்கிரம் எழுது.

ரித்வா

---

ஹெல்சிங்கி,
9 ஜனவரி 1997

அக்கா,

இதை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன். உன் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வார்டில் சொன்னார்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான், மூச்சு விடுகிறான் என்றும் சொன்னார்கள். நீ என்னோடு ஃபோனில் பேச வரவில்லை என்றும் சொன்னார்கள்.

டாக்டர் உன்னிடம் பாதி சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்ல வேண்டும். அக்டோபரிலேயே எனக்குத் தெரியும். செத்துப்போன கிழவர்களின் கிருமியும் உங்கள் பாக்கெட்டில் இருந்த கிருமியும் ஒன்று. சூவியின் ரத்தத்தில் இருந்ததும் அதுதான். அவளுடையது எங்கள் உறைபெட்டியில் இருந்தது, என் கையாலேயே எடுத்துப் பார்த்தேன். டிசம்பரில் உங்கள் எந்திரத்தின் இடுக்கில் துடைத்ததும் அதே கோடுகளைத்தான் காட்டியது. நாலு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

உன்னிடம் சொன்னால் இல்போவுக்குத் தெரியும், கழுவிவிடுவார்கள், நிரூபிக்க முடியாது, இன்னும் பலர் சாவார்கள். இது ஒரு காரணம். உன் பிள்ளையை உன் வீட்டு மீனே கொன்றது என்று உனக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. இது இன்னொன்று. எது பெரியது என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் டிசம்பர்க் கடிதம் பத்தொன்பதாம் தேதியே வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் திறக்கப் பயந்தேன். விசாரித்து எழுது என்று கேட்டிருப்பாய் என்று தெரியும். விற்பனையை நிறுத்திவிட்டார்கள், இனி ஆபத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை மேசைமேல் வைத்துவிட்டு லஹ்திக்குப் போனேன். ஜனவரி மூன்றாம் தேதி காலையில்தான் திறந்தேன். இரண்டு வேளையும் அதையே சாப்பிடுகிறோம் என்று படித்தேன். ஃபோன் செய்தேன், மாமா எடுத்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கான். ஃப்ளூ காய்ச்சலாம். உனக்கென்ன இப்ப?" என்றார். உடனே துர்க்கு வார்டைக் கூப்பிட்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த நிமிஷமே மருந்தை மாற்றினார். மறுநாள் பிள்ளை பிறந்தான்.

அதற்காக டாக்டர் சண்ட்பெர்க் என்னைத் திட்டவில்லை. "ஏன் அக்டோபர்லயே எங்கிட்ட சொல்லல? உங்க அக்கா மாசமா இருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா டாக்டர் மூலமா நான் ஒரு வழி பண்ணியிருப்பேனே" என்று மட்டும் கேட்டார். வழி இருந்திருக்கிறது அக்கா. நான் கேட்கவே இல்லை.

வரட்டுமா?

மெர்யா

---

துர்க்கு,
23 பிப்ரவரி 1997

மெர்யாவுக்கு,

உன் கடிதம் ஆறு வாரமாக என் தலையணைக்கு அடியில் இருந்தது. நீ என் கடிதத்தை மேசைமேல் வைத்தாய், நான் உன்னுடையதைத் தலையணைக்கு அடியில். நான் படித்துவிட்டு வைத்தேன்.

பையனுக்கு லௌரி என்று பெயர் வைத்திருக்கிறோம். எடை ஏறுகிறது. மூளை உறையில் கிருமி போயிருந்தது, மருந்தில் அடங்கிவிட்டது என்கிறார்கள். நேற்றுக் காது பார்க்கும் டாக்டர் வந்தார். இடது காதில் எதுவும் கேட்கவில்லை. வலதில் கொஞ்சம் கேட்கலாம், பெரியவனாகும்போதுதான் தெரியும் என்றார். நர்ஸ் தட்டு ஒன்றைக் கைதவறிப் போட்டாள். பக்கத்துப் பெட்டிகளில் இருந்த குழந்தைகள் எல்லாம் தூக்கிவாரிப்போட்டு அழுதன. அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். எவ்வளவு சமத்து என்று முதலில் நினைத்தேன்.

உன் கடிதத்தை இல்போவிடம் காட்டினேன். வராந்தாவில், காப்பி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தான். கத்துவான், உன்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அன்னிக்கே டாக்டர் ஃபோன் பண்ணினாரு" என்றான்.

"என்னிக்கு?"

"சூவி போன வாரம். நீ மருந்துல தூங்கிட்டிருந்த. என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டாரு. இதே பேரைத்தான் சொன்னாரு. மீன்ல வரும், பாலாடைக்கட்டியில வரும்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுச் சாப்பாடுதான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எந்திரத்தைப் பிரிச்சுக் கழுவினேன். ஒரு வாரம் கழுவினேன் ரித்வா. போயிடுச்சுன்னுதான் நெனச்சேன்."

"உங்கப்பா பெட்டி பெட்டின்னு சொன்னப்பல்லாம் நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? அவ திரும்பி வந்துடுவாளா?"

"டிசம்பர்ல நான் உன் கண்ணு முன்னாடிதானே சாப்பிட்டேன்?"

அவன் காப்பி எந்திரத்தின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான். கோப்பை வைக்க மறந்துவிட்டான். காப்பி தட்டில் வழிந்து தரையில் ஓடியது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமாவிடமும் போய்ச் சொன்னேன். "அப்ப பெட்டி இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்பு கேட்கும் பழக்கம் அந்த மனுஷருக்கு இல்லை.

நவம்பரில் நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா? ஆறுதலுக்குச் சொல்லாதே என்று எழுதினேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை என்று எழுதினேன். நீ தெரிந்துகொண்டே "உன் தப்பு இல்லை" என்று எழுதிவிட்டு, லஹ்திக்குப் போவதைப் பற்றி எழுதினாய். கேட்காதே என்றாயே, "ஏன் என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பிட்டால் உன் பிள்ளை செத்துவிடும்" என்று எழுதியிருக்கலாம். நான் இல்போவிடம் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாய். சொல்லியிருப்பேன். நாலு வருஷமாக நான் அவனிடம் எதையும் மறைத்ததில்லை. எனக்கு மட்டும்தான் இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாமல் போயிருக்கிறது.

என்னோடு படுத்தவன் நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. என்னோடு பிறந்தவள் இரண்டு மாசம். கணக்கில் வித்தியாசம் உண்டு. கசப்பில் இல்லை.

வராதே.

ரித்வா

---

ஹெல்சிங்கி,
16 மார்ச் 1997

அக்கா,

நீ வராதே என்றதால் வரவில்லை. வேறெதற்கும் இந்தக் கடிதம் இல்லை, ஒரு சேதி சொல்லத்தான். குழந்தைகளின் காதுக்கு ஹெல்சிங்கியில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார். அவர் பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். என்னைப் பார்க்காமலே நீ அவரிடம் போகலாம். ரயிலடியிலிருந்து நேராக டிராம் இருக்கிறது.

லௌரி எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

மெர்யா

---

ஹெய்னாசாரி,
11 மே 1997

மெர்யாவுக்கு,

பனி உடைந்து படகு ஓடுகிறது. லௌரி வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த டாக்டரிடம் போனோம். வலது காதுக்கு ஒரு கருவி பொருத்தலாம் என்றார். ரயிலடியிலிருந்து டிராமில் போனபோது எந்த நிறுத்தத்தில் உன் வீடு என்று எனக்குத் தெரியும். இறங்கவில்லை.

இல்போ துர்க்கு கப்பல் தளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சனிக்கிழமை வருகிறான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைவரை நடக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போகிறான். அவனைப் போகச் சொன்னது நான். திரும்பி வராதே என்று இன்னும் சொல்லவில்லை. மாமா பிள்ளையைத் தொட்டில் ஆட்டுகிறார். அவன் காதில் விழாது என்று தெரிந்தும் பாடுகிறார்.

புகைக்கூடத்தை நான் நடத்துகிறேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு வேறெந்த வேலையும் தெரியாது, பிள்ளைக்கு டாக்டர் செலவு நிற்கப்போவதில்லை. அந்த எந்திரத்தை உடைத்து, இரும்பை ஆய்வாளர் கண்முன்னாலேயே படகில் ஏற்றி அனுப்பினேன். இனி நெருப்பில் வேகும் மீன் மட்டும். குளிர்ப்புகை கிடையாது. இறந்துபோனவர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

மாசத்துக்கு ஒரு தடவை மேசை, தரை, கத்தி எல்லாவற்றையும் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றார்கள். வேண்டாம், அங்கேயே அனுப்புகிறேன் என்றேன். உன்னைவிட நன்றாகப் பார்ப்பவர்கள் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பெட்டியில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். உனக்குத் தெரிந்துவிடும்.

எனக்குக் கடிதம் வேண்டாம், மெர்யா. உடம்பு எப்படி, கால் வீக்கம் எப்படி, இதெல்லாம் வேண்டாம். முடிவு எழுதும் தாளில் இரண்டு சொல்லில் ஒன்றைத்தான் நீ எழுத வேண்டியிருக்கும். உண்டு, அல்லது இல்லை. எதுவானாலும் அன்றே அனுப்பு.

ரித்வா